ஜஹபர் நிஷா அளந்த அலமாரி

புதுச்சேரியில் காஜியார் வீதிப் பக்கம் யார் வீட்டுப் படுக்கையறையில் சுவர் அலமாரி வைப்பதென்றாலும், 1960 வாக்கில் ஆசாரியைக் கூப்பிடும் முன்னால் ஜஹபர் நிஷாவைத்தான் கூப்பிடுவார்கள். அவள் உளியைக் கையால் தொட்டவள் இல்லை. ஒரு பலகையை நிமிர்த்தி வைக்கச் சொன்னால்கூட ஆள் தேடுவாள். ஆனால் ஒரு வீட்டின் துணிமணிகளை ஒரு மணி நேரம் புரட்டிப் பார்த்தாளானால், தட்டு எத்தனை, எது மேலே, எது கீழே, எவ்வளவு ஆழம் என்று பிசகில்லாமல் சொல்லிவிடுவாள். அவள் சொன்னபடி செய்த அலமாரி இருக்கும் வீட்டில் துணி தேடிப் புருஷன் பெண்சாதி சண்டை வந்ததில்லை என்று பெயர். அந்தப் பெயர் சும்மா வந்துவிடவில்லை. தனக்கென்று அவள் போட்ட முதல் அலமாரியில் ஒரு பிழை செய்தாள். அந்தப் பிழை அவள் குடும்பத்தையே கவிழ்த்திருக்கும்.

காரைக்கால் வழியில் வந்த குடும்பம் அவளுடையது. அவர்கள் வழக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். ஜஹபர் நிஷாவின் வாப்பா ஜவுளி வியாபாரி. வீட்டை இரண்டாக்கி மூத்தவளுக்குப் பாதி, இளையவள் மஹ்பூபாவுக்குப் பாதி என்று எழுதி வைத்துவிட்டுக் கண்ணை மூடினார். ஜஹபர் நிஷாவுக்குப் பதினெட்டு வயதில் யாகூபோடு நிக்காஹ் ஆயிற்று. இரண்டு வருஷம் சேர்ந்திருந்தார்கள். 1946-இல் யாகூப் சைகோனுக்குக் கப்பலேறினார். துறைமுகத்தில் ஒரு பிரெஞ்சுக் கம்பெனியின் கிடங்கில் வேலை. மாதம் ஒரு கடிதம் தவறாமல் வந்தது. ஆள் வரவில்லை. பிள்ளை குட்டியும் இல்லை. பத்து வருஷம் அவள் கடிதத்தோடு குடும்பம் நடத்தினாள்.

1955 முடிகிற சமயத்தில் வந்த கடிதத்தில் யாகூப் எழுதியிருந்தார்: "வெள்ளைக்காரன் நம்மூரில் மூட்டை கட்டிவிட்டான், இங்கேயும் கட்டிக்கொண்டிருக்கிறான். நானும் ஊரோடு வந்துவிடுகிறேன்."

மஹ்பூபா துள்ளிக் குதித்தாள். ஜஹபர் நிஷா குதிக்கவில்லை. ஊரோடு வந்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டு வந்த சபராளிகளை அவள் நிறையப் பார்த்திருந்தாள். கடல் கடந்து பிழைக்கப் போகிறவர்களைச் சபராளி என்பார்கள் அவர்களில். அந்த வீதியில் வீட்டுக்கு ஒரு சபராளி இருந்தார். வருவார், விருந்து சாப்பிடுவார், "இனிமே எங்கயும் போறதில்ல" என்பார். அவருடைய டிரங்குப் பெட்டி மட்டும் கட்டில் காலடியில் அப்படியே இருக்கும். வேண்டிய சட்டையைப் பெட்டியிலிருந்து எடுப்பார், துவைத்து வந்ததைப் பெட்டியிலேயே வைப்பார். ஆறு மாசம் கழித்து ஒரு சலிப்பு வந்தால், மூடியைச் சாத்தினால் போதும், ஆள் கிளம்பிவிடலாம். ஜஹபர் நிஷாவின் கணக்கு சின்னது. பெட்டி காலியானால்தான் ஆள் வந்து சேர்ந்ததாக அர்த்தம். பெட்டி காலியாக வேண்டுமென்றால் அதில் இருப்பதற்கெல்லாம் வேறு இடம் வேண்டும். புருஷனைப் பிடித்து வைக்க மற்றவர்கள் தாயத்துக் கட்டினார்கள். இவள் அலமாரி போட முடிவு செய்தாள்.

தை மாசம் ஒரு நாள் காலையில் வீட்டில் இருந்த துணியை எல்லாம் பாயில் பரப்பினாள். தினமும் எடுப்பது ஒரு குவியல், வெள்ளிக்கிழமைக்கு எடுப்பது ஒரு குவியல், பெருநாளுக்கு மட்டும் எடுப்பது ஒரு குவியல், எடுக்கவே எடுக்காதது ஒரு குவியல். மஹ்பூபா வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"எடுக்கவே எடுக்காதத எதுக்கு லாத்தா வெச்சிருக்கே? எனக்குக் குடேன்."

"ஒனக்கு வேணும்னா வாயத் தொறந்து கேளு. என் கணக்குல மூக்க நுழைக்காத" என்றாள் ஜஹபர் நிஷா. லாத்தா என்றால் அக்கா. அக்காவின் கணக்கு ஒன்று தொடங்கிவிட்டால் குறுக்கே நிற்கக் கூடாதென்று மஹ்பூபாவுக்குத் தெரியும். இருந்தாலும் நின்றாள்.

தன் துணிக்குக் கணக்குப் போடுவது சுலபம். பத்து வருஷமாகப் பார்க்காத மனுஷனின் துணிக்கு எப்படிப் போடுவது? கடிதம் எழுதிக் கேட்டிருக்கலாம். எதற்குக் கேட்கிறாய் என்று அவர் திருப்பிக் கேட்டால் என்ன சொல்வது என்று கேட்கவில்லை. அதற்குப் பதிலாகப் பத்து வருஷத்துக் கடிதங்களையும் எடுத்து வைத்துக்கொண்டு முதலிலிருந்து படித்தாள். எந்த வருஷம் சட்டை தைத்தார், எப்போது கோட்டு வாங்கினார், எந்தக் கைலி கப்பலில் காணாமல் போனது என்றெல்லாம் அரபு எழுத்தில் எழுதுகிற அரபுத் தமிழில் ஒரு தாளில் குறித்தாள். எட்டுச் சட்டை, நாலு கால்சட்டை, இரண்டு கோட்டு, கைலி ஆறு. கோட்டின் நீளம் கடிதத்தில் இல்லை. அதற்கும் வழி கண்டாள். 1951-இல் அவர் அனுப்பிய போட்டோவில் ஒரு நாற்காலிக்குப் பக்கத்தில் கோட்டுப் போட்டுக்கொண்டு நின்றார். நாற்காலி எந்த ஊரிலும் ஏறக்குறைய ஒரே உயரந்தான் என்று தன் வீட்டு நாற்காலியை நூலால் அளந்தாள். போட்டோவில் நாற்காலி எத்தனை விரற்கடை, கோட்டு எத்தனை விரற்கடை என்று பார்த்தாள். மிச்சத்தை மனசில் பெருக்கிக்கொண்டாள். பிறகு கோட்டு வந்தபோது அவள் போட்ட கணக்குக்கும் கோட்டுக்கும் அரை விரல்தான் வித்தியாசம். பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் வீட்டில் வைத்திருந்த பெண் இது. இவளை ஒரு காலேஜுக்கு அனுப்பியிருந்தால் என்னவெல்லாம் ஆகியிருப்பாளோ!

ஆசாரி தெய்வசிகாமணி முத்தியால்பேட்டைக்காரர். வெள்ளைக்காரர் தெருக்களில் பெரிய பெரிய அலமாரிகள் செய்து கை பழகியவர். ஜஹபர் நிஷா அந்நிய ஆண்கள் முன்னால் வருவதில்லை. கதவுக்குப் பின்னால் நின்று பேசினாள். அளவுகளை நூலில் முடிச்சுப் போட்டுக் கதவுக்குக் கீழே தள்ளினாள். வெள்ளை நூல் உயரம், சிவப்பு நூல் ஆழம், ஒவ்வொரு முடிச்சும் ஒரு தட்டு. ஆசாரி சிவப்பு நூலை நீட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இன்னாம்மா இது, ஒரு முழங்கூட இல்ல! ஒன்றரை முழம் ஆழம் இல்லன்னா அது அலமாரியே இல்லம்மா. நான் எத்தினி தொரை வூட்டுக்குச் செஞ்சிருக்கேன்."

"தொரை கவுனையும் கோட்டையும் தொங்க வுடறாரு ஆசாரியாரே. நாங்க மடிச்சு வெக்கிறோம்" என்றது கதவுக்குப் பின்னாலிருந்த குரல். "மடிச்ச சேலை ஒரு சாணும் நாலு விரலும். அதுக்கு மேல இருக்குற எடத்துல யாரு குடியிருக்கப் போறா, கரப்பானா? ரெண்டு வரிசை வெச்சா பின் வரிசைத் துணி செத்துப்போகும். கோட்டுக்கு மட்டும் ஓரமா ஒரு பத்தி ஆழமா வுடுங்க. நீல நூல்ல போட்டிருக்கேன் பாருங்க."

ஆசாரி நீல நூலையும் பார்த்தார். பிறகு சிரிக்கவில்லை. அலமாரியைக் கிழக்குச் சுவரில் பதிக்கலாம், வெளிச்சம் வரும் என்றார். கிழக்குச் சுவரில் கடற்காற்றுக்கு உப்புப் பூக்கிறது, இரண்டே மழையில் துணியெல்லாம் புள்ளி விழும், உள்சுவரிலேயே வையுங்கள் என்றாள். ஆசாரி, ஊரை விட்டுக் கிளம்பிய ஒரு பிரெஞ்சுக்காரர் வீட்டு ஏலத்தில் எடுத்த தேக்குப் பலகைகளைக் கொண்டுவந்து வேலையைத் தொடங்கினார்.

தட்டுகளின் வரிசையில்தான் ஜஹபர் நிஷா ரொம்ப யோசித்தாள். எல்லாவற்றுக்கும் மேலே குர்ஆனும், அதை விரித்து வைத்து ஓதுகிற ரைஹால் பலகையும். அதற்கு மேலே எதுவும் இருக்கக் கூடாது. அதற்கு அடுத்தபடி புருஷனுடைய தட்டுகள் இரண்டு. அவர் நெட்டையான ஆள், அந்த அறை வாசலில் குனிந்துதான் நுழைவார் என்பது அவளுக்கு நினைவிருந்தது. அதனால் தலைக்குச் சற்று மேலே அவருக்கு இடம் வைத்தாள். கோட்டு மாட்டும் கம்பியும் அந்த உயரத்தில்தான். அவளுடைய சேலைகள் இடுப்பளவிலிருந்து கீழே. ஆம்பிளை போடுகிற சட்டைக்கு மேலே பொம்பிளை சேலையை வைப்பார்களா? அந்த வீதியில் எந்த வீட்டிலும் வைக்க மாட்டார்கள். கொடியில் காயப்போடும்போதுகூட அவர்கள் பார்த்துத்தான் போடுவார்கள். மரியாதை தெரிந்த பெண், மரியாதையாக வரிசை வைத்தாள். பிழை அங்கேதான் புகுந்தது. அது அப்போது யார் கண்ணிலும் படவில்லை.

பங்குனியில் அலமாரி முடிந்தது. கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே ஆள் நடக்க வழி இருந்தது, அவ்வளவுதான்.

"பெட்டிய எங்க லாத்தா வெப்பாரு மச்சான்?" என்று மஹ்பூபா கேட்டாள்.

"எதுக்குப் பெட்டி?" என்றாள் ஜஹபர் நிஷா.

நோன்புக்குச் சில நாள் முந்தி யாகூப் வந்து சேர்ந்தார். தலை பாதி நரைத்திருந்தது. பேச்சு குறைந்திருந்தது. பெட்டியை வண்டிக்காரன் தூக்கி வந்து, அறையில் இடம் இல்லாததால் நடையிலேயே வைத்துவிட்டுப் போனான். ஜஹபர் நிஷா அலமாரியைத் திறந்து காட்டினாள். யாகூப் பலகையைத் தடவிப் பார்த்தார். மேல் தட்டுகளை அண்ணாந்து ஒரு நிமிஷம் பார்த்தார்.

"நல்லா இருக்கு நிஷா. ரொம்ப நல்ல மரம்" என்றார்.

அவ்வளவுதான். அன்றைக்குச் சாயங்காலம் நடையில் முக்காலி போட்டு உட்கார்ந்து, பெட்டியைத் திறந்து, ஒரு கைலியை எடுத்துக்கொண்டு, பெட்டியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். மறுநாளும் அப்படித்தான், அதற்கடுத்த நாளும் அப்படித்தான். களைப்பாக இருக்கும், பழகட்டும் என்று அவள் விட்டுவிட்டாள். பெருநாள் கழிந்தது. பெட்டி நடையில்தான் இருந்தது. வந்து போகிறவர்கள் எல்லாம் அதைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். போகும்போது ஒரு பார்வை பார்த்துவிட்டும் போனார்கள்.

ஒரு நாள் துணிந்து ஒரு காரியம் செய்தாள். வெளுத்து வந்த அவருடைய சட்டைகள் நாலையும் மடித்து, அவருக்கென்று வைத்த தட்டில் தானே அடுக்கினாள். மறுநாள் காலையில் அடுப்படியில் இருந்தபோது அறையில் ஏதோ சரிந்த சத்தம் கேட்டது. வந்து பார்த்தால் நாலு சட்டையும் தரையில் கிடந்தன. யாகூப் அவற்றை ஒன்றாகச் சுருட்டிக்கொண்டு நடைக்குப் போய்ப் பெட்டிக்குள் திணித்துப் பூட்டினார். அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. கோபத்தில் இழுத்துப் போட்டிருக்கிறார் என்றுதான் நினைத்தாள். வேறென்ன நினைப்பாள்? இனிமேல் அந்தத் தட்டைத் தொடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தாள். அவளுக்கும் ரோஷம் உண்டு.

ஆடியில் சைகோனிலிருந்து கடிதம் வந்தது. யாகூபின் கூட்டாளி ஒருவர் அங்கே சொந்தமாகக் கடை போட்டிருக்கிறாராம். எழுத்து வேலைக்கு ஆள் வேண்டுமாம். ஐப்பசி முதல் வாரத்தில் சென்னையில் கப்பல், வருகிறாயா என்று கேட்டிருந்தார்.

"கூப்புடறாங்க. யோசிக்கணும்" என்றார் யாகூப்.

"யோசிங்க மச்சான்" என்றாள் ஜஹபர் நிஷா. போகாதீர்கள் என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. பிடித்து இழுத்து உட்கார வைத்த மனுஷன் எத்தனை நாளைக்கு உட்காருவார்? அந்தப் பக்கம் போய் அடுப்பை ஊதினாள். எரிகிற அடுப்பை ஏன் ஊதுகிறாய் என்று மஹ்பூபா கேட்டபோது அவளிடம் எரிந்து விழுந்தாள்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? அலமாரி போட்டாளே அலமாரி, அதில் பூட்டி வைக்கப் போகிறாளா புருஷனை என்று பேச்சு வந்தது. மஹ்பூபா அதைக் கேட்டுக்கொண்டு வந்து அழுதாள். ஜஹபர் நிஷா அழவில்லை. காலியாகக் கிடந்த இரண்டு மேல் தட்டுகளையும் நாள் தவறாமல் துடைத்து வைத்தாள். நாற்காலி போட்டு ஏறித் துடைக்க வேண்டியிருந்தது. அதுகூட அப்போது அவளுக்கு உறைக்கவில்லை.

புரட்டாசியில் ஒரு நாள் மதியத்திலிருந்தே மழை கொட்டியது. வீதியில் முழங்கால் தண்ணீர். எப்போதும் பள்ளிவாசலில் தொழுகிற யாகூப் அன்றைக்குச் சாயங்கால அஸர் தொழுகைக்கு வீட்டிலேயே பாய் விரித்தார். ஜஹபர் நிஷா ஒழுகுகிற இடத்தில் வைக்கப் பாத்திரத்தோடு வந்தவள், அவருக்குப் பின்னால் நின்றுவிட்டாள். தொழுகையைத் தொடங்கத் தக்பீர் கட்டி அவர் கைகளைக் காதுக்கு உயர்த்தினார். இடது கை அங்கே வரைக்கும் போயிற்று. வலது கை நெஞ்சு உயரம் வந்ததும் நின்றுவிட்டது. தோள் ஒரு பக்கமாகக் கோணியது. கை அதற்கு மேல் ஏறவே இல்லை.

பாத்திரத்தைச் சத்தம் வராமல் கீழே வைத்தாள். அறைக்குள் போய் அலமாரி முன்னால் நின்றாள். அண்ணாந்து பார்த்தாள். தலைக்கு மேலே இருக்கும் தட்டிலிருந்து மடித்த சட்டையை எடுக்க இரண்டு கை வேண்டும். ஒன்றால் அடுக்கைப் பிடித்துக்கொண்டு ஒன்றால் உருவ வேண்டும். ஒற்றைக் கையால் இழுத்தால் அடுக்கு மொத்தமும் தலையில்தான் விழும். கோட்டைக் கம்பியில் மாட்டுவதும் அப்படியே. வந்ததிலிருந்து அவர் ஒரு குடம் தண்ணீர் தூக்கியதில்லை என்பதும், சட்டை போடும்போது அறைக் கதவைச் சாத்திக்கொள்வார் என்பதும் அப்போதுதான் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அன்றைக்குத் தரையில் கிடந்த நாலு சட்டையும் நினைவுக்கு வந்தன. கோபமா அது? ஐயோ, அறிவுகெட்டவளே என்று தலையில் அடித்துக்கொண்டாள். கோட்டு நீளத்தைப் போட்டோவைப் பார்த்துக் கண்டுபிடித்தவளுக்கு, கண் முன்னால் நடமாடுகிற மனுஷனின் கை தெரியவில்லை. உயர்ந்த இடம் கொடுத்து, எட்டாத இடம் கொடுத்துவிட்டாள்.

மறுநாள் யாகூப் வெளியே போயிருந்த நேரத்தில் தன் சேலைகளை எல்லாம் எடுத்து மேலே ஏற்றினாள். இடுப்பளவில் இருந்த தட்டுகளைத் துடைத்துக் காலி செய்தாள். மஹ்பூபா பார்த்துவிட்டுப் பதறினாள்.

"இன்னா லாத்தா பண்றே? ஒன் சேலைய மேல ஏத்திட்டு மச்சான் சட்டையக் கீழ வெப்பியா? பாக்கறவங்க சிரிக்க மாட்டாங்களா?"

"சிரிக்கட்டும். அவங்களா வந்து எடுத்துக் குடுக்கப் போறாங்க?"

யாகூப் வந்ததும் அலமாரி திறந்திருப்பதைப் பார்த்தார். மேலே சேலை, கீழே காலியான தட்டுகள்.

"ஏன் மாத்திட்டே?"

"எனக்கு இடுப்பு வலி மச்சான். குனிய முடியல" என்றாள். அவளுக்குப் பொய் சொல்லிப் பழக்கம் கிடையாது. கண் தரையைப் பார்த்தது. காலையில் வாசல் முழுக்கக் குனிந்து கூட்டியதை அவர் பார்த்திருந்தார்.

யாகூப் கட்டிலில் உட்கார்ந்தார்.

"பாத்துட்டியா?" என்றார்.

"பாத்துட்டேன்."

"மூட்ட சரிஞ்சு விழுந்துச்சு. ரெண்டு வருஷம் ஆச்சு. டாக்டரு இவ்வளவுதான்னுட்டான்." வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டார். "ஒங்க வாப்பா வூடு இது. கை வெளங்காதவன் வந்து உக்காந்து தின்றான்னு ஒருத்தரும் சொல்லக் கூடாது நிஷா. அங்கன்னா என்னைத் தெரிஞ்சவன் இருக்கான், பேனா வேல குடுப்பான். அதான்..."

ஜஹபர் நிஷாவுக்கு அவரைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது, இதை மறைத்ததற்காக நாலு அறை விட வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. நூற்கண்டை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"எழுந்து நில்லுங்க. அந்தக் கைய எவ்வளவு தூக்க முடியுமோ அவ்வளவு தூக்குங்க."

அவர் அவளைப் பார்த்தார். பத்து வருஷமாக யாருக்கும் எதையும் காட்டாத மனுஷன். மெதுவாகக் கையை உயர்த்தினார். நெஞ்சளவு வந்ததும் கை நின்றுவிட்டது. ஜஹபர் நிஷா தரையிலிருந்து விரல் நுனி வரை நூலைப் பிடித்து ஒரு முடிச்சுப் போட்டாள். வெட்கத்தில் அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"போதும் எறக்குங்க" என்றாள். "இந்தக் கையாலதான எழுதறீங்க?"

"ஆமா. மேசை மேல வெச்சா வலிக்காது."

"மேசை ஒசரந்தான வேணும்? அதுக்கு சைகோன் வரைக்கும் போகணுமா? இந்த ஊரு ஆபீசுல இன்னும் எல்லாக் காகிதமும் பிரெஞ்சுலதான ஓடுது. படிக்கத் தெரியாதவங்க மனுவத் தூக்கிக்கிட்டு வீதி வீதியா அலையறாங்க. கம்பெனியில நீங்க கத்துக்கிட்ட பிரெஞ்சு எதுக்கு இருக்கு?"

யாகூப் போகிறேன் என்று சொல்லவில்லை. போகவில்லை என்றும் சொல்லவில்லை. பெட்டி நடையிலேயே இருந்தது. அவள் தெய்வசிகாமணி ஆசாரிக்குச் சொல்லி அனுப்பினாள்.

கோட்டுக் கம்பிக்கென்று ஆழமாக விட்டிருந்த பத்தியில்தான் வேலை. கம்பியை நெஞ்சளவுக்கு இறக்கினாள். அதனால் மேலே மிஞ்சிய இடத்தில் போர்வைகளை ஏற்றினாள். கம்பியை ஒரு ஓரமாக ஒதுக்கி, மிச்ச இடத்தில் மேசை உயரத்துக்கு ஒரு பலகை வைக்கச் சொன்னாள். கீல் போட்டது. இழுத்துவிட்டால் எழுதுகிற பலகை, மடித்தால் அலமாரிக் கதவு. உள்ளே காகிதத்துக்கு ஒரு குழி, மைக்கூட்டுக்கு ஒரு வட்டம். ஆசாரி நூல் முடிச்சுகளைப் பார்த்துவிட்டுக் கதவைப் பார்த்துச் சொன்னார்:

"அம்மா, துணி அலமாரிக்குள்ள ஆபீசு வெக்கிறதை நான் எந்தத் தொரை வூட்டுலயும் பாக்கல. நீங்க ஆம்பளையாப் பொறந்திருந்தா எனக்குப் பொழப்பு போயிருக்கும்."

"பொழப்பப் பாருங்க ஆசாரியாரே" என்றாள் ஜஹபர் நிஷா. ஆனால் அந்தச் சொல் அவளுக்குப் பிடித்திருந்தது. மஹ்பூபாவிடம் இரண்டு தடவை சொன்னாள்.

பின்னாளில் அவள் போன வீடுகளிலெல்லாம் முதல் கேள்வி, இதைத் திறக்கப் போகிறது யார் என்பதுதான். அவர்களைக் கூப்பிட்டு நிற்க வைத்துக் கையைத் தூக்கச் சொல்வாள். பிறகுதான் துணியைப் பார்ப்பாள். மாமனார் சட்டை மருமகள் சேலைக்குக் கீழே போகலாமா என்று முகத்தைத் தூக்கியவர்களிடம், "குர்ஆன் மேல இருக்கட்டும். மத்ததெல்லாம் கை எட்டற எடத்துல இருக்கட்டும்" என்பாள். 1962-க்குள் பதினாலு வீடு. குட்டை மனுஷிகள், முதுகு கூனியவர்கள், கண் மங்கியவர்கள், ஒரு வீட்டில் கால் நடக்காத பெண் ஒருத்தி, எல்லாருக்கும் அவரவர் அளவில் தட்டு வைத்தாள். அந்தக் கால் நடக்காத பெண் தன் துணியைத் தானே எடுத்து உடுத்தத் தொடங்கிய பிறகு, அவளுடைய உம்மா காஜியார் வீதி முழுக்க இதைச் சொல்லிக்கொண்டு போனாள். படித்தவர்கள் யோசிக்காததை இவள் யோசித்தாள், அதுவும் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு.

ஆனால் அந்த ஐப்பசியில் அவளுக்கு இதெல்லாம் தெரியாது. கப்பல் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ரயிலேற வேண்டிய நாளுக்கு முந்தின சாயங்காலம் யாகூப் நடையில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பூட்டினார். சாவியை இடுப்பில் செருகினாரா இல்லையா என்று பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. சென்னைக்குப் போகிற காலை ரயிலுக்குக் கிளம்பினால் கட்டுச்சோறு வேண்டுமே என்று புளி கரைத்து வைத்தாள். போகிறவரைப் பட்டினியாக அனுப்புவாளா? புளியைக் கரைத்த கையோடு வெகுநேரம் அப்படியே நின்றாள்.

காலையில் ஆசாரி எழுதுபலகையோடு வந்துவிட்டார். ரயிலுக்கு நேரமாகியும் யாகூப் கிளம்பவில்லை. ஆசாரி பலகையைக் கீலில் மாட்டி இழுத்துவிட்டு, "உக்காந்து பாருங்க பாய்" என்றார். ஜஹபர் நிஷா கதவுக்குப் பின்னால் நின்றாள். முக்காலி இழுக்கிற சத்தம் கேட்டது. பிறகு யாகூபின் குரல் கேட்டது. வந்த நாளிலிருந்து உப்பில்லாத குழம்பைக்கூட நல்லா இருக்கு என்று சாப்பிட்ட மாப்பிள்ளையின் குரல்.

"இன்னா ஆசாரி செஞ்சிருக்கே? ரெண்டு விரல் ஒசரம். தோள் இழுக்குது பாரு!"

"அம்மா குடுத்த முடிச்சுப்படிதான் பாய் வெச்சேன்..."

"அம்மா முக்காலிய அளக்கல, விட்டுட்டா. நீயாவது பாக்க வேணாமா? ஒரு நாள் ரெண்டு நாளா? தெனமும் நான் இங்கதான உக்காந்து எழுதணும்! எறக்கு, எறக்கு. அதுக்குள்ள நான் பெட்டியில இருக்குறத எடுத்தாறேன்."

நடையில் பூட்டுத் திறக்கிற சத்தம் கேட்டது. மஹ்பூபா ஓடிவந்து பார்த்தபோது அவள் அக்கா கதவுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். யாகூப் இடது கையால் நாலு சட்டையை அணைத்துக்கொண்டு அவர்களைத் தாண்டி அறைக்குள் போனார். ஆசாரி கீலைக் கழற்றி, பலகையை இரண்டு விரல் இறக்கி மாட்டினார்.